விஜயம் போட்ட முடிச்சுகள்

ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளாமலே விஜயம் புடவைத் தலைப்பின் நுனியைப் பிடித்து ஒரு முடிச்சுப் போடுகிறாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மறுபடியும் புளி கரைக்க ஆரம்பித்துவிடுகிறாள். காலை ஒன்பது மணிக்குள் இது நாலாவது முடிச்சு. அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் அவள் பெண் ஜெயலக்ஷ்மி அதைப் பார்த்துவிட்டு மடியிலிருக்கும் ஸ்லேட்டில் ஒரு கோடு கிழிக்கிறாள்.

கரமனை அக்ரஹாரத்தில் அவர்கள் வீடும் என் வீடும் ஒட்டி ஒட்டி இருப்பவை. பின்கட்டில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. அங்கே நின்று தலையில் ஜலம் விட்டுக்கொண்டால் அவர்கள் அடுக்களை கண்ணுக்கும் தெரியும், காதிலும் விழும். ஒட்டுக்கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. ஆனாலும் இந்த ஐந்தாறு மாதமாக என் ஸ்நானம் நீண்டுகொண்டே போகிறது என்று என் மனைவி சொல்கிறாள்.

அந்த முடிச்சுகளை நான் வேண்டுதல் என்றுதான் நினைத்திருந்தேன். பெண் பெரியவளாகிவிட்டாள், நல்ல வரன் அமையவேண்டும் என்று தாயார் முடிந்துகொள்கிறாள், நல்ல பெண்மணி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். ஒரு நாள் கேட்டும் விட்டேன்.

"வேண்டுதலா? அதொண்ணும் இல்லை அண்ணா" என்றாள் விஜயம். "இவ கேட்டு எனக்குப் பதில் தெரியாத கேள்வியாக்கும் இதெல்லாம். எழுதி வைக்கலாம்னா கை எப்பவும் ஈரம். அதான் முடிஞ்சு வைக்கறேன். மறந்துபோகாது கேட்டேளா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஒரு ஹைஸ்கூலில் முப்பத்தொரு வருஷமாகத் தமிழ்ப் பண்டிதனாக இருக்கிறவன். பையன்கள் கேட்டு எனக்குத் தெரியாத கேள்விகளை நானும் முடிச்சுப் போட்டு வைத்திருந்தால் ஒன்பது முழ வேஷ்டி போதாது. ஆனால் தெரியாது என்பதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "அது மேல்வகுப்புப் பாடம், உட்காருடா" என்பேன். பையனும் உட்கார்ந்துவிடுவான். இவளோ பெற்ற பெண்ணின் முகத்தைப் பார்த்து, "எனக்குத் தெரியாது, போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்கிறாள். ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிறாள், கொஞ்சமும் கூச்சப்படாமல் சொல்கிறாள்.

விஜயத்துக்கு முப்பது வயது. ஒல்லி. வலது மணிக்கட்டில் அப்பளம் பொரிக்கும்போது பட்ட சூட்டுத் தழும்பு. மூடி வைத்த எதையும் அவளால் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. எங்கள் வீட்டுக்கு ஒரு கரண்டி உறைமோர் கேட்டு வந்தால்கூட, பேசிக்கொண்டே அடுப்பின் மேலிருக்கும் வெண்கலப் பானையின் தட்டைத் தூக்கிப் பார்த்துவிடுவாள். என் மனைவிக்கு இது பிடிக்காது. "என்ன கறின்னு கேட்டாச் சொல்லமாட்டேனா?" என்பாள். "சொல்லுவேள். பார்த்தாப்பல ஆகுமா மன்னி?" என்பாள் விஜயம்.

அவள் கடையத்துப் பெண். அங்கே மூன்றாம் வகுப்புவரை தமிழ் படித்தாள். பன்னிரண்டு வயதில் ராமசுப்ரமணியனுக்குக் கழுத்தை நீட்டினாள். மூன்று வருஷம் கழித்துத் திரை போட்ட வில்வண்டியில் இந்தக் கரமனைக்கு வந்து இறங்கினாள். ராமசுப்ரமணியன் ஹஜூர் கச்சேரியில், அதாவது திவான் ஆபீசில், குமாஸ்தா. நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். ஆபீசுக்குப் போகுமுன் பத்மநாபனைத் தொழாத நாள் இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை என்பது அவருடைய ஒரே பெருமை.

போன ஆவணியில் ஜெயலக்ஷ்மி பெரியவளானாள். அப்போது அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம். "போரும், நிறுத்திடலாம்" என்றார் ராமசுப்ரமணியன். எங்கள் தெருவில் அது வழக்கம்தான்; யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. விஜயமும் சரி என்றாள். ஆனால் மறுநாள் முதல் ஒன்பதரை மணிக்கு, தெருப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டமாகப் போகிற நேரத்தில், அந்தக் குழந்தை பின்கட்டுக்கு வந்து வேண்டாத ஜலத்தை இறைத்து இறைத்துக் கொட்டும். கிணற்று ராட்டினம் கிறீச்சிடுகிற சத்தத்தில் வாசல் சிரிப்பு காதில் விழாதல்லவா, அதற்காக. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பத்தாம் நாள் சாதம் பரிமாறிக்கொண்டே விஜயம் கணவரிடம் கேட்டாளாம்: "பள்ளிக்கூடம் போகப்படாதுன்னேள். படிக்கப்படாதுன்னு சொல்லலியே?"

வாயில் கவளத்தோடு அவர், "படிக்கட்டுமே, யார் வேண்டாம்னா" என்றிருக்கிறார். அவர் நினைத்தது ஸ்தோத்திரப் புஸ்தகமாக இருக்கும். மறுநாளே அடுக்களையில் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது.

தொடங்கிய பிறகுதான் உபாத்தியாயினிக்கு ஒன்றும் தெரியாது என்பது வெளியாயிற்று. பெண்ணின் புஸ்தகங்கள் மலையாளத்திலும் இங்கிலீஷிலும். தாயாருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆகையால் பெண் படித்துத் தமிழில் சொல்லும், தாயார் கேட்டுக்கொண்டே காய் நறுக்குவாள். சொல்லி முடித்ததும் ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்பார்கள். குழாயில் வருகிற ஜலம் எங்கே புறப்படுகிறது? பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய்ச் சில்லெல்லாம் எங்கே போகிறது? கோயிலில் ஒற்றைக்கல் மண்டபத்துக் கல்லை எந்த வண்டியில் கொண்டு வந்தார்கள்? கடலில் இருக்கிற மீனெல்லாம் முட்டைதான் இடுமா? மூன்றே நாளில் தலைப்பில் பதினோரு முடிச்சு ஆகிவிட்டது. இடுப்பில் செருக முடியாமல் அது ஒரு சிறு மூட்டைபோல் துருத்திக்கொண்டு நின்றது.

சரி, போய்ப் பார்க்கலாம் என்றால் எப்படிப் போவது? பெரியவளான பெண் தெருவில் நடக்கக்கூடாது. கோயிலுக்கு மட்டும் போகலாம், அதுவும் திரை போட்ட வண்டியில். விஜயம் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கணவரிடம், ஜெயா ஒரு மண்டலம் தொழட்டும் என்றாள். நாற்பத்தொரு நாள், ஊரிலுள்ள கோயில்கள் எல்லாவற்றிலும். ராமசுப்ரமணியனுக்குக் கண்ணில் ஜலமே வந்துவிட்டது. அன்றைக்கே வண்டிக்கார வேலப்பனுக்குச் சொல்லி அனுப்பினார்.

வேலப்பன் நேமத்துக்காரன். பேசுவதில் பாதி மலையாளம். அவன்தான் முதலில் என்னிடம் வந்து புலம்பினான்: "ஸாரே, அந்த அம்மா தொழுறது கொறச்சு நேரமாக்கும். வழியில நிக்குறது கூடுதல் நேரம். இது தொழலா, சர்வேயா? காளைக்குங்கூட மனசிலாயிப் போச்சு, ஆள் கூட்டம் கண்டா அதுவே நின்னுபோடுது."

நான் நம்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பழவங்காடி வழியாக வரும்போது என் கண்ணாலேயே கண்டேன். தேங்காய் உடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வேலப்பனின் வண்டி. திரையில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு ஓட்டை. கத்தரித்து, பிசிறு வராமல் சுற்றிலும் நூல் தைத்த ஓட்டை. விஜயத்தின் பழம்புடவையில் செய்த திரை அது. அந்த ஓட்டை வழியாக ஒரு கண் வெளியே பார்த்தது. உள்ளிருந்து விஜயத்தின் குரல், சில் பொறுக்குகிற ஆளிடம் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தது. இதையெல்லாம் எங்கே கொண்டு போறாய்? எத்தனை நாள் காயப்போடுவாய்? எந்தச் செக்கில் ஆட்டுவாய்? அவன் வக்கீலுக்குப் பதில் சொல்கிற சாட்சியைப்போல் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். கடைசியில், "அப்போ நம்மாத்து அப்பளம் பொரியறது பிள்ளையாருக்கு உடைச்ச தேங்காயோட எண்ணெயிலயாக்கும்டி ஜெயா" என்று ஒரு சிரிப்பு. வண்டிக்குள்ளே ஒரு முடிச்சு அவிழ்ந்திருக்கவேண்டும்.

அப்புறம் வெள்ளையம்பலத்துப் பக்கம் ஒரு தேவி கோயில் இருப்பதை விஜயம் கண்டுபிடித்தாள். தேவியைத் தொழுதுவிட்டுத் திரும்பும் வழியில் ஜலம் வடிகட்டுகிற இடம் இருந்தது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே காவற்காரனிடம் என்ன சொல்லி உள்ளே போனாளோ தெரியாது. மறுநாள் ஜெயலக்ஷ்மி கிணற்றங்கரையில் எனக்கு மணல், அதன் கீழே சரளை, அதன் கீழே குழாய் என்று ஸ்லேட்டில் படம் போட்டுக் காட்டினாள். எங்கள் ஹைஸ்கூலில் இதே பாடத்தை ஸயன்ஸ் வாத்தியார் வருஷா வருஷம் நடத்துகிறார். அந்த இடம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரம். அவர் ஒரு தடவையாவது போனாரா என்று கேட்டேன். "அங்கே எதுக்கய்யா போகணும், புஸ்தகத்தில்தான் படம் இருக்கே" என்றார்.

மண்டலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ராமசுப்ரமணியன் என்னைக் கூப்பிட்டார். விழிஞ்ஞத்தில் பாறையைக் குடைந்து செய்த பழைய கோயில் ஒன்று இருக்கிறதாம், அதைத் தொழுது சமுத்திர ஸ்நானமும் செய்துவிட்டால் விரதம் பூர்த்தியாகுமாம், இவள் சொல்கிறாள். "எனக்கு லீவில்லை ஓய். சனிக்கிழமை உமக்கு விடுமுறைதானே. துணைக்குப் போய்ட்டு வாருமேன்." போனேன்.

விடிவதற்கு முன் புறப்பட்டு, வெயில் ஏறிய பிறகு போய்ச் சேர்ந்தோம். கோயில் என்றால் ஒரு பாறை. அதில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக் குடைவு. தொழுதுவிட்டு நிமிர்ந்தபோது தென்னைகளுக்கு அப்பாலிருந்து இரைச்சல் வந்தது. "அது என்ன சத்தம் அண்ணா?" என்றாள் விஜயம். நான் சிரித்துவிட்டேன். "கடல்தானம்மா. வேறென்ன?"

அவள் சிரிக்கவில்லை. "நான் இந்த ஊருக்கு வந்து பதினஞ்சு வருஷமாச்சு. கடல் எந்தத் திக்குன்னு எனக்குத் தெரியாது அண்ணா."

எங்கள் தெருவிலிருந்து சங்குமுகம் கடற்கரை நாலைந்து மைல். நான் மாதம் இரண்டு தடவை காற்று வாங்கப் போகிறேன். ராமசுப்ரமணியன், சுவாமி கடலாடுகிற ஒவ்வோர் ஆறாட்டுக்கும் போகிறார். பக்கத்து வீட்டுப் பெண்மணி பதினைந்து வருஷமாகக் கடலையே பார்த்ததில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என் மனைவி பார்த்திருக்கிறாளா என்று யோசித்தேன். அதுவும் தெரியவில்லை. என்னைச் செவிட்டில் அறைந்தாற்போல் இருந்தது.

மணல்மேட்டில் ஏறியதும் விஜயம் நின்றுவிட்டாள். பிறகு நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இவ்வளவு பக்கத்துலயா இருந்தது?" என்றாள். அதில் ஆனந்தம் இருந்ததாக நான் எழுதினால் பொய். கோபம்தான் இருந்தது.

கீழே கட்டுமரங்கள் வந்து ஒதுங்கியிருந்தன. மீன் நாற்றம் வீசியது. நான் அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு தென்னைமரத்தடியில் ஒதுங்கினேன். தாயும் பெண்ணும் மடமடவென்று இறங்கிப் போய்விட்டார்கள். அங்கே ஒரு மீன்காரி, நிறைமாதம், மணலில் குந்தி உட்கார்ந்து ஒரு சுறாவின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள். நான் "வேண்டாம், வேண்டாம்" என்று கத்தியது அலைச் சத்தத்தில் எடுபடவில்லை. ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது வயிறு திறந்துவிட்டிருந்தது. உள்ளே குட்டிகள். ஒவ்வொன்றும் தொப்புள்கொடியோடு. ஒன்று வாலை அசைத்தது.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜெயலக்ஷ்மி மட்டும் குனிந்து விரல்விட்டு எண்ணினாள். "ஏழும்மா."

"முட்டை இல்லையா?" என்று கேட்டாள் விஜயம்.

"இந்தச் சிராவுக்கு முட்டையில்ல அம்மே" என்ற மீன்காரி தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "நம்மளப் போலத்தான். சொமந்து பெறும்."

விஜயம் இடுப்பிலிருந்து தலைப்பை எடுத்து ஒரு முடிச்சை அவிழ்த்தாள். பிறகு இருவரும் கட்டின புடவையோடு கடலில் இறங்கி முழுகினார்கள். திரும்பும் வழியில் நான், "இதை யாரிடமும் மூச்சுவிடாதே. நானும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்" என்றேன். "பார்த்தேளே அண்ணா" என்றாள் விஜயம், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் அசட்டுத்தனம். சுசீந்திரத்தில் எனக்கு அனந்தலக்ஷ்மி என்று ஓர் அக்கா, பெரியப்பா பெண். அவள் பிள்ளை சுந்தரராமன் மூன்றாம் முறையாக ஒரே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். பக்தியுள்ள பெண்ணாக வேண்டும் என்று அவள் எழுதியிருந்தாள். நாற்பத்தொரு நாள் தொழுத பெண் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறாள் என்று நான் பதில் போட்டேன். பொய்யில்லையே. சுறா விஷயம் எப்படி வெளியே வரும்? பெண் பார்க்கிற இடத்தில் பெண் என்ன பேசப்போகிறது? தலையைக் குனிந்து நமஸ்காரம் செய்யும், கேட்டால் ஒரு பாட்டுப் பாடும், உள்ளே போய்விடும். இப்படித்தான் நான் எண்ணினேன்.

சேதியைக் கிணற்றங்கரையில் விஜயத்திடம் சொன்னேன். வாளி பாதி வழியில் நின்றது. "இவளுக்குப் பதிமூணு வயசுதான் அண்ணா ஆறது."

"உனக்குப் பன்னிரண்டில் ஆகவில்லையா?"

"அதான் சொல்றேன்" என்றாள். கயிற்றை விடாமல் என்னையே பார்த்தாள். எனக்கு அவசரமாக ஏதோ வேலை இருப்பது ஞாபகம் வந்தது.

தை மாதத்தில் ஒரு நல்ல நாள். அக்காவும் அத்திம்பேரும் வந்தார்கள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்தது, சொஜ்ஜி, பஜ்ஜி. ராமசுப்ரமணியன் புதுச் சரிகை வேஷ்டி கட்டிக்கொண்டு, பெண்ணின் விரதத்தைப்பற்றி மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயலக்ஷ்மி வந்து நமஸ்காரம் செய்தாள். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் உட்காரவைத்து முகவாயைத் தொட்டாள்.

"அத்தனை நாள் தொழுதியே, சுவாமிகிட்ட என்னடி கொழந்தே கேட்டே?"

"சுவாமிகிட்ட ஒண்ணும் கேக்கலை மாமி. மத்தவாகிட்டதான் கேட்டேன்."

அக்கா இதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. "விழிஞ்ஞம் வரைக்கும் போனியாமே! அங்கே என்ன பார்த்தே?"

நான் அக்காவுக்குப் பின்னால் நின்று வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கோயில் என்று சொல்லித் தொலை, பாறை என்று சொல்லு என்று மனசுக்குள் மன்றாடினேன். குழந்தை என்னைப் பார்க்கவில்லை. அடுக்களைக் கதவோரம் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தாள்.

விஜயம் சொன்னாள்: "பார்த்ததைச் சொல்லு."

"சுறா பார்த்தேன் மாமி" என்றாள் ஜெயலக்ஷ்மி. "வயத்தைக் கீறினா உள்ளே ஏழு குட்டி இருந்தது. சுறான்னா முட்டைதான் இடும்னு நெனச்சிண்டிருந்தேன். இந்தச் சுறா இடாது. கொடியெல்லாம் இருக்கு. நம்மளைப் போலத்தான் சொமந்து பெத்துக்கறது."

அத்திம்பேர் கையிலிருந்த பஜ்ஜி வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. அக்கா தன் கையைப் பெண்ணின் முகவாயிலிருந்து எடுத்து, எதையோ தொட்டுவிட்டவள்போல் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"மீனா? வயத்தைக் கீறியா? பிராமணாத்துப் பொண்ணா இது?" எழுந்துவிட்டாள். விஜயம் வெற்றிலைத் தட்டோடு குங்குமத்தை நீட்டினாள். அக்கா அதைத் தாண்டிக்கொண்டு போனாள். சுமங்கலி ஒருத்தி நீட்டின குங்குமத்தை இன்னொருத்தி எடுத்துக்கொள்ளாமல் போனதை என் ஆயுசில் அன்றுதான் பார்த்தேன். வாசலில் என்னிடம், "நன்னாக் காட்டினேடா பொண்ணு!" என்றாள்.

ராமசுப்ரமணியன் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நாற்பத்தொரு நாளையும் ஆபீசில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்!

"நாற்பத்தொரு நாளும் ஊர் சுத்தினேளா?"

"தொழவும் தொழுதோம்" என்றாள் விஜயம்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீரும் கூடப் போனீரே. பார்த்தீரா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பார்த்தேன்" என்று வந்துவிட்டது. எனக்கே அதிர்ச்சி.

அவர் கத்தவில்லை. ஸ்லேட்டையும் புஸ்தகங்களையும் எடுத்துப் பரண்மேல் போட்டார். வேலப்பனை இனி வரவேண்டாம் என்றார். வண்டித் திரையை வாங்கி, அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்து எங்கேயோ வைத்துவிட்டார். "கல்யாணம் ஆகிறவரைக்கும் இவள் வாசல் தாண்டப்படாது" என்றார். அதிர்ந்து பேசாத மனிதர் சொன்னால் அது கல்லில் எழுதினதுபோல.

மறுநாளிலிருந்து ஒன்பதரை மணிக்கு ராட்டினம் மறுபடியும் கிறீச்சிட ஆரம்பித்தது. வேண்டாத ஜலம், இறைத்து இறைத்து. விஜயத்தின் தலைப்பில் முடிச்சே இல்லை. பெண் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள் என்று அர்த்தம். பத்தொன்பது நாள் இப்படி. ஸ்நானத்தை நான் இரண்டு சொம்போடு முடித்துக்கொண்டேன், அங்கே நிற்க முடியவில்லை.

அந்த நாட்களில் ஒன்றில் வகுப்பில் தங்கையன் என்ற பையன் எழுந்து, பாட்டில் வருகிற நெய்தல் பூ என்ன நிறம் ஸார் என்று கேட்டான். முப்பத்தொரு வருஷமாக அந்தப் பூவை வைத்துச் சோறு தின்கிறேன்; கண்ணால் கண்டதில்லை. "எனக்குத் தெரியாதுடா" என்றேன். பையன் உட்காராமல், "எங்கே போனாப் பார்க்கலாம் ஸார்?" என்றான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பஞ்சாங்கம் பார்க்க வேண்டும் என்று ராமசுப்ரமணியன் கூப்பிட்டு அனுப்பினார். கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது, என்மேலாவது. அப்போதுதான் கோயிலிலிருந்து வந்து இலையில் உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கு நேரமாயிடுத்து. நடையைவிட்டு வெளியில வரச்சே மேத்தன் மணி பதினொண்ணு அடிச்சாச்சு" என்றார்.

மேத்தன் மணி கோயிலுக்கு எதிரே இருக்கிற பெரிய கடிகாரம். அதன் மேல் தாடி வைத்த ஒரு முகம். இருபுறமும் இரண்டு ஆடுகள் மணி அடிக்கும்போது வந்து அந்தத் தாடிக்காரனின் கன்னத்தில் முட்டும். ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற சங்கதி.

ஜெயலக்ஷ்மி அப்பாவுக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். பத்தொன்பது நாளாக அவள் அவரிடம் பேசியதில்லை.

"அப்பா, மேத்தன் மணியில அந்த ரெண்டு ஆடும் சேர்ந்து முட்டுமா, ஒண்ணு மாத்தி ஒண்ணு முட்டுமா?"

"அதுவா? அது…" என்று ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் அதன் அடியில் நடக்கிறவர். கையில் பிசைந்த சாதம் அப்படியே இருந்தது. கண்ணை மூடி யோசித்தார். என்னைப் பார்த்தார். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். சத்தியமாக எனக்கும் தெரியாது.

நெய்க் கிண்ணத்தோடு விஜயம் அடுக்களையிலிருந்து வந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கணவரின் முகத்தை நேராகப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார், வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. விஜயம் இடுப்பிலிருந்து தலைப்பை உருவி, அவர் கண்ணெதிரிலேயே அதன் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து இறுக்கினாள்.